கொட்டிலைத் திருப்புக, பிஸ்தாவை அனுப்பற்க

அனுப்புநர்
பா. தமிழினி,
மேடைப் பேச்சாளர்,
7, வடக்குத் தெரு, மருதம் நகர்,
முடிச்சூர், தாம்பரம் மேற்கு.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தென்புறநகர் மீட்பு நாய்கள் பிரிவு,
தாம்பரம்.

பொருள்: மருதம் நகர் மீட்பு நாய்க்கொட்டில் – வரைபடத்துக்கு மாறாகத் திசை திருப்பிக் கட்டப்பட்டமை – அதனால் நாய்களுக்கு நேர்ந்த கேடு – ‘பிஸ்தா’ என்னும் நாயை வெளியேற்றும் ஆணையை நிறுத்திவைத்துக் கொட்டிலை மாற்றிக் கட்டித் தருமாறு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. பிஸ்தாவைத் தனியார் காவல் நிறுவனம் ஒன்றிடம் 28.11.2025 அன்று ஒப்படைக்கத் தாங்கள் பிறப்பித்த ஆணை.
2. மருதம் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் தங்களுக்கு அனுப்ப எண்ணி, எழுதப்படாமலே நின்ற மனு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பிரிவின் நாய்களை எங்கள் தெருவிலிருந்து அகற்றுமாறு ஒரு மனு எழுதித் தர ஒப்புக்கொண்டவள் நான். அந்த மனு எழுதப்படவில்லை, இது எழுதப்படுகிறது. ஏன் மாறிற்று என்பதைத் தாங்கள் முழுமையாக அறிந்தால்தான் என் வேண்டுகோளின் நேர்மை விளங்கும். ஆகவே நடந்தவற்றை நடந்த முறையிலேயே தங்கள் முன் வைக்கிறேன்.

1. எங்கள் தெருவின் தென்புறத்தில் தங்கள் நாய்க்கொட்டில் இருக்கிறது. வடபுறத்தில், அதற்கு நேர் எதிரே, தெற்கு நோக்கிய பைரவர் சிறுகோவில் இருக்கிறது. கொட்டிலை ஒட்டிய வீடு என்னுடையது. அங்குள்ள நான்கு நாய்களும் இடிபாட்டிலும் சேற்றிலும் புதைந்த மனிதரை மோப்பத்தால் கண்டறியப் பழக்கப்பட்டவை. உயிருள்ள மனிதரைக் கண்டால் அவ்விடத்தில் அமர்ந்து குரைக்க வேண்டும். அதுவே அவற்றுக்குக் கற்பிக்கப்பட்ட அறிவிப்பு. சென்ற மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்தபோது, பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த கொத்தனார் அச்சுதன் அதனடியில் சிக்கினார். மண்வாரி இயந்திரம் ஒரு முனையைத் தோண்டிக்கொண்டிருக்க, பிஸ்தா என்னும் கறுப்புப் பெட்டை நாய் மறுமுனையில் அமர்ந்து குரைத்தது. அங்கே தோண்டினார்கள். அச்சுதன் இன்றும் சுவர் எழுப்புகிறார். (பிஸ்தா என்பது தமிழ்ப் பெயரன்று என்பதை அறிவேன். அதைப் பற்றிய என் வருத்தம் வேறொரு மனுவுக்குரியது.)

2. கடந்த சில திங்களாக அந்த நாய்கள் ஓயாமல் குரைக்கின்றன. குரைப்பையாவது காதடைத்துப் பொறுக்கலாம். குரைப்புக்கு இடையே வரும் ஒலியைப் பொறுக்க இயலவில்லை. சிமெண்டுத் தரையில் நகங்கள் உரசும் ஒலி அது. ஒரு கோடி, திரும்பல், மறு கோடி, மீண்டும் திரும்பல். உணவு வேளையில் நிற்கும்; பிறகு தொடங்கும். மேடைக்குரிய உரை ஒன்றை அந்த ஒலியின் அருகே அமர்ந்து எழுத முயன்றேன். என் சொற்றொடர்களும் போவதும் திரும்புவதுமாக அந்த நகங்களின் பின்னே நடந்தன. தாளைக் கிழித்துப் போட்டேன்.

3. அந்நிலையில்தான் எங்கள் சங்கச் செயலாளரும் மளிகைக்கடை உரிமையாளருமான திரு. தனக்கோடி என் வீட்டுக்கு வந்தார். இந்நகர் வயலாக இருந்த காலத்தில் அவ்வயலுக்கு உடையவர்களாக இருந்த குடும்பத்தவர் அவர். அவர் கூறியதை என் நடைக்கு மாற்றினால் அதன் சூடு ஆறிவிடும் என்பதால், அவர் வாய்மொழியாகவே தருகிறேன்: “இன்னா தமிழு, உனக்குக் காது கேக்குதா இல்லியா? பொழுதுக்கும் கத்திகினே கீதுங்கோ. பேஜாராப் பூட்ச்சிம்மா! நீ மைக்குல பேசுனா ஊரே கேக்குது. ஒரு தாள்ல எழுதிக் குடு, அதுங்கள வேற எங்கனா இட்டுகினு போவட்டும்.” என் காதும் அவர் கட்சியில் இருந்தபடியால் உடனே இசைந்தேன். ஆயினும், கண்ணால் காணாத எதைப் பற்றியும் ஒலிவாங்கி முன் வாய் திறப்பதில்லை என்பது நான் கைக்கொண்ட ஒழுங்கு. எழுதும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று, நாய்ப் பயிற்றுநர் திரு. தினகரனிடம் இசைவு பெற்று முற்பகலில் கொட்டிலுக்குள் சென்றேன்.

4. ஐயா, தாங்கள் அதை ஒருமுறை நேரில் காண வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் கூரையிட்ட ஓர் உறங்கறையும், அதன் முன்னே நாய் கால்நீட்டி ஓடுவதற்கென நீண்ட கம்பியடைப்பு ஒன்றும் உள்ளன. பின்னதை இம்மனுவில் ஓடுவெளி என்று குறிக்கிறேன். அந்த ஓடுவெளிகள் நான்கும் தெருவைத் தொட்டு நிற்கின்றன. தெருவுக்கும் நாய்க்கும் இடையே உள்ளது ஒற்றைக் கம்பிவேலி. அதன் மேல் இப்போது தகரத் தகடுகள் அறையப்பட்டுள்ளன. தகட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கையளவு இடைவெளி. நான் நின்றிருந்தபோதே அவ்விடைவெளி வழியாகத் தெருவிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. கை நிறையத் தயிர்ச்சோறு. பிஸ்தா நடையை நிறுத்திப் பாய்ந்து வந்து தின்றது. கை மறைந்தது. நாய் அந்த இடைவெளியில் மூக்கைத் திணித்து முகர்ந்தது, தகட்டைப் பிறாண்டியது, குரைத்தது, மறுபடி நடக்கத் தொடங்கியது. மூக்கின் மேல்தோல் உரிந்து சிவந்திருந்தது. மண்ணடியில் கிடக்கும் முழு மனிதனைத் தேடப் பழகிய உயிருக்கு, மனிதன் என்பவன் தகரத்தின் கீழிருந்து நீளும் ஒரு கை என்று ஆகிவிட்டது. அங்கேயே என் முதல் மனு செத்தது.

5. அன்று தேய்பிறை அஷ்டமி. பைரவரை வழிபடுவோர் அந்நாளில் அவருடைய ஊர்தியாகிய நாய்க்கு உணவிடுவது எங்கள் பகுதியின் வழக்கம். கோவிலின் எதிரிலேயே கறுத்துப் பளபளக்கும் நாய்கள் வரிசையாக நிற்கும்போது, வழிபடுவோர் வேறு நாயைத் தேடிப் போவாரா? மிளகு வடை, தயிர்ச்சோறு, பால் என்று தூக்குப்பாத்திரங்களுடன் வருகிறார்கள். திரு. தினகரன் தடுத்துப் பார்த்திருக்கிறார். “சாமி காரியத்துல குறுக்க வராதப்பா” என்று அவரையே கடிந்திருக்கிறார்கள். அவர் என்னிடம் கூறியது: “அஷ்டமின்னா பிஸ்தாக்குத் தெரியும் மேடம். நான் வரதுக்கு முன்னாடியே வேலியாண்ட வந்து குந்திகினு கீது. காலண்டர் கீலண்டர் பாக்குதான்னு நானே கேட்டுட்டேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

6. இதன் விளைவே தாங்கள் நடத்திய திறன் தேர்வில் வெளிப்பட்டது. உடைந்த கற்குவியலுக்குள் மூவரை ஒளித்துவைத்து நாயை ஏவினீர்கள். பிஸ்தா குவியலைக் கடந்து சென்று, மரத்தடியில் தூக்குப்பாத்திரம் திறந்து உண்டுகொண்டிருந்த தங்கள் வண்டி ஓட்டுநரின் முன் அமர்ந்து குரைத்தது. உயிருள்ள மனிதரைத்தான் அது கண்டறிந்தது. ஆனால் அவர் புதைந்திருக்கவில்லை, பசியாறிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். பிறகு ‘பணிக்குத் தகுதியற்றது’ என்று எழுதி, 28ஆம் நாளைக் குறித்தீர்கள். தேர்வாளரின் முடிவைக் குறை சொல்லேன். அவர் கண்டதை எழுதினார். அஷ்டமிதோறும் அந்த நாய்க்கு நாங்கள் தெருவில் நின்று வேறொரு பாடம் நடத்திவந்ததை அவர் அறியார். தேர்வில் தோற்றது எங்கள் பாடம், ஐயா. தண்டனை நாய்க்கு.

7. ஓடுவெளி ஏன் தெருவில் நிற்கிறது என்று வினவினேன். கொட்டிலில் எவருக்கும் விடை தெரியவில்லை. ஆகவே கொட்டிலின் வரைபடத்தைத் தீட்டிய கட்டட வடிவமைப்பாளர் திருமதி டெபோராவைச் சிட்லபாக்கத்திலிருந்து வரவழைத்தேன். அவர் கொட்டிலைச் சுற்றி வந்தார், வரைபடத்தை விரித்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு சொன்னார்: “அக்கா, இது என் டிராயிங்தான். ஆனா யாரோ கண்ணாடில பாத்துக் கட்டியிருக்காங்க.” உண்மை. அவர் வரைந்ததில் கொட்டிலின் முதுகு, சன்னலற்ற முழுச்சுவராகத் தெருவைப் பார்த்திருந்தது. வாயிலும் ஓடுவெளிகளும் தென்புறத்து வேப்பமரத் தோட்டத்தைப் பார்த்திருந்தன. வேலி ஒன்றன்று, இரண்டு. அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் இடம். வெளியாள் கை நீட்டினாலும் நாயின் வாய்க்கு எட்டாது. அடுத்தடுத்த நாய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிராமல் இருக்க, இடையே தாழ்வான தடுப்புச்சுவர். ஈரம் ஏறாதபடி படுக்கைப் பலகை தரைக்கு மேலே. கழுவிய நீர் ஓடுவெளிக்குள் தேங்காமல் வெளியே வடியச் சரிந்த, சொரசொரப்பான தரை. இத்தனை கருத்துடன் வரையப்பட்டது, கட்டும்போது முன்பின்னாகத் திருப்பப்பட்டது. இரண்டாம் வேலிக்குத் தெருவோரம் இடமில்லாது போகவே, அது விடப்பட்டது.

திருப்பியது யார்? ஒப்பந்தக்காரரைக் கேட்டறிந்தேன்: நாங்கள். கடைக்கால் தோண்டிய நாளில் எங்கள் தெருவினர் சிலர், திரு. தனக்கோடியின் தலைமையில், ஒப்பந்தக்காரரிடம் சென்று கேட்டிருக்கிறார்கள். நந்தி சிவனைப் பார்த்து அமர்வதுபோல், பைரவரின் ஊர்தி பைரவரைப் பார்த்தல்லவா நிற்க வேண்டும்? சாமிக்கு முதுகைக் காட்டி நாய்களைக் குடிவைக்கலாமா? ஒப்பந்தக்காரர் தலையசைத்துக் கட்டடத்தைத் திருப்பிவிட்டார். வரைந்தவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தங்கள் பிரிவினரும் கட்டி முடித்ததைப் பார்த்துக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டார்கள். ஊர்தி இறைவனை நோக்கியிருத்தல் கோவில் மரபு. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அம்மரபில் நிற்கும் நந்தி கல்லால் ஆனது. அதற்குக் குளிராது. அது பசித்து நடவாது.

8. திருப்பியதால் உணவிடும் கைகள் மட்டும் உள்ளே வரவில்லை. தென்றலுக்கு முதுகும் வாடைக்கு முகமுமாக நிற்கிறது அந்தக் கொட்டில். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து உறங்கறைக்குள்ளேயே விழுகிறது. கோடையில் பிற்பகலில் வரும் கடற்காற்று முழுச்சுவரில் மோதித் திரும்புகிறது. ஈரப் பலகையில் படுக்க மறுத்து நாய்கள் நிற்கின்றன; நின்று சோர்ந்து நடக்கின்றன. குரைப்பொலி பற்றி எங்கள் தெருவினர் முறையிட்டதும், தங்கள் அலுவலகம் விரைந்து தந்த தீர்வு அந்தத் தகரத் தகடுகள். திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்தவை, உறுதியாக அறையப்பட்டவை. காண்பதை மறைத்தன, மணத்தை மறைக்கவில்லை, ஒலியை மறைக்கவில்லை. தெருவில் போவது மனிதரா, மாடா, தூக்குப்பாத்திரமா என்று காண இயலாத நாய், எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. மழை பெய்தால் தகரம் முழங்குகிறது. நாய்களும் அதனுடன் முழங்குகின்றன. நோய்க்கு மருந்தென்று கொடுத்தது நோயை இரட்டித்தது.

9. தேர்வும் ஆணையும் நீங்கலாக இவற்றைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்; அவ்விரண்டையும் திரு. தினகரன் பின்னரே எனக்குச் சொன்னார். மனு எழுத ஒப்புக்கொண்டவள் மாறிப் பேசுவதைக் கேட்டு அவையில் சலசலப்பு. “இன்னா தமிழு, கட்சி மாறிட்டியா?” என்று பின்வரிசையில் ஒரு குரல். “அந்தம்மாவுக்கு நாயி ஓட்டு போட்டுச்சாம்” என்று இன்னொரு குரல். மேடையில் இதனினும் கொடிய குறுக்கீடுகளைக் கண்டவள் ஆதலால் தொடர்ந்தேன். திரு. தனக்கோடியை நோக்கி நேராகவே கேட்டேன்: குரைக்கிறது என்று துரத்தச் சொல்வதும் நீங்கள், கைநீட்டி ஊட்டுவதும் நீங்கள்; இது எவ்வாறு பொருந்தும்? அவர் சற்றும் தயங்கவில்லை. “அது வேற, இது வேறம்மா. அஷ்டமிக்கு அது பைரவரு. மத்த நாளுல நாயி.” அவை சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவ்விடையில் பிஸ்தாவின் வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டது. ஒருநாள் தெய்வமாக ஊட்டப்பட்டு, மறுநாள் நாயாகத் திட்டப்பட்டு, எது எப்போது என்று விளங்காமல் அது நடக்கிறது.

28ஆம் நாள் அதைப் பெறப்போகும் நிறுவனத்தின் நாய்களைப் பார்த்திருக்கிறேன். கிடங்கு வாயில்களில் குறுஞ்சங்கிலியில் கட்டப்பட்டவை. நடக்கவும் இடமில்லாதவை. மழை இன்னும் முடியவில்லை, ஐயா. அடையாறு கரைமீறிய ஆண்டுகளில் இத்தெருக்களில் படகு ஓடியதை நாங்கள் கண்டிருக்கிறோம். அடுத்த சுவர் சரியும்போது, எங்கே தோண்டுவது என்று சொல்லும் நாயைக் கிடங்கு வாயிலில் கட்டிவைத்துவிட்டு, எவரை அழைப்போம்?

ஆகவே பணிந்து, ஆனால் உறுதியுடன், வேண்டுவன:

(அ) பிஸ்தாவை 28.11.2025 அன்று ஒப்படைக்கும் ஆணையை உடனே நிறுத்திவைக்க வேண்டும். மற்ற எதற்கும் காலம் தரலாம், இதற்கு இல்லை.

(ஆ) தெருப்பக்க ஓடுவெளிகளை அகற்றி, முன்பு வரைந்தவாறே தென்புறத் தோட்டத்தில் இரட்டை வேலியுடன் அமைத்து, உறங்கறைகளின் தென்சுவரில் வாயில் திறந்து, வடபுறத்தை முழுச்சுவராக அடைக்க வேண்டும். இருக்கும் அறைகளை இடிக்காமலே இதைச் செய்யலாம் என்று திருமதி டெபோரா எழுத்தில் தந்துள்ளார், இணைத்துள்ளேன். மேற்பார்வைக்கு அவரையே அழைக்க வேண்டும். இம்முறை எவர் வந்து எதைத் திருப்பச் சொன்னாலும், முதலில் அவரிடம் கேட்கட்டும்.

(இ) அது முடியும்வரை நாய்களை வேறோர் இடத்தில் வைத்து, பிஸ்தாவுக்குத் திரு. தினகரனிடம் மறுபயிற்சி அளித்து, அதன்பின் மீண்டும் தேர்வு நடத்த வேண்டும். அத்தேர்விலும் தோற்றால் நான் வாய் திறவேன்.

(ஈ) தகரத் தகடுகளை ஏழு நாள்களுக்குள் கழற்ற வேண்டும்.

இறுதியாக ஒன்று. கொட்டிலைத் திருப்பினால் நாய்கள் பைரவருக்கு முதுகு காட்டும். இது எங்கள் தெருவினரில் பலருக்கு உண்மையாகவே மனத்துயர் தரும். அத்துயரைக் கேலி செய்து பேச என்னால் இயலும், செய்ய மாட்டேன். பசித்த தெருநாய்கள் தாம்பரம் முழுதும் திரிகின்றன, அவற்றுக்கு இடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன்; எடுபடவில்லை. கோவிலுக்கு எதிரே நாய் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் மறுமொழி. இதற்கு என்ன விடை கூறுவதென்று இம்மனுவை எழுதும் இவ்வேளையிலும் நான் அறியேன். மேடையில் சொல்லுக்குத் திணறியதில்லை; இங்கே திணறுகிறேன். அறியாததை அறியேன் என்றே தங்கள் முன் வைத்துவிட்டு, நாள் நெருங்குவதால் மனுவை இத்துடன் முடிக்கிறேன். வீட்டு மதிலுக்கு அப்பால் பிஸ்தா இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

நாள்: 14.11.2025 (திருவள்ளுவர் ஆண்டு 2056, ஐப்பசி 28)
இடம்: முடிச்சூர்

தங்கள் மறுமொழி வரும்வரை ஓய்வறியாத,
(ஒப்பம்) பா. தமிழினி

இணைப்பு: திருமதி டெபோராவின் மூல வரைபடமும் திருத்தக் குறிப்பும்.

(சங்கச் செயலாளர் என்ற முறையில் திரு. தனக்கோடி படித்துப் பார்த்துத் தம் கையால் கீழே எழுதியது:)

சார், இந்தம்மா எழுதுனதுல பாதிக்கு எனக்குச் சம்மதம் இல்ல. சோறு போட்டது புண்ணியம்னுதான் போட்டோம், கெடுக்கணும்னு போடல. ஆனா நாய அனுப்பப் போறீங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. இப்பதான் படிச்சித் தெரியுது. கத்துதேன்னுதான் சொன்னோம், சங்கிலில கட்டுங்கன்னு சொல்லல. சாமிக்கு எதுர வாகனம் வேணும், அவ்ளோதான? கல்லுல ஒண்ணு நானே செஞ்சி, கோயில் வாசல்லயே வெக்கிறேன். சோத்த அதுக்கு முன்னாடி படைச்சிட்டு, அப்பால தெருநாய்ங்களுக்குப் போடுறோம். நீங்க கொட்டாய எந்தப் பக்கம்னா திருப்பிக்குங்க. பிஸ்தா இங்கியே இருக்கட்டும்.

(ஒப்பம்) தனக்கோடி